கூபர்நெட்டிஸுக்கு மாறும் ஜாவா சேவை: முதலில் சரிசெய்ய வேண்டியவை

பல ஆண்டுகளாக ஒரே சர்வரில் ஓடிய ஜாவா சேவையைக் கூபர்நெட்டிஸுக்கு (கன்டெய்னர்கள் என்னும் தனித்தனிப் பொதிகளாகச் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) கொண்டுபோகும்போது, நிரலைத் திருத்துவதில்தான் பலரும் முதலில் இறங்குகிறார்கள். அது பிறகு ஆகட்டும். நிறுத்தச் சொன்னால் சேவை ஒழுங்காக மூடிக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டின்போதும் சில வினாடிகளுக்கு, பின்னாலுள்ள சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை என்னும் 502 பிழை வருகிறதா? சேவையை நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலும், அதற்கு வரும் கோரிக்கைகளை வேறு பக்கம் திருப்பும் வேலையும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. அதனால் சேவை மூடிய பிறகும் கோரிக்கைகள் வந்து மோதும். சிக்டெர்முக்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப்பில் 10 வினாடி ஸ்லீப் (காத்திருப்பு) வையுங்கள். ஸ்பிரிங் பூட் என்னும் ஜாவா கட்டமைப்பில் கிரேஸ்ஃபுல் ஷட்டவுனை (பதமாக மூடும் வசதி) இயக்கினால், கையிலிருக்கும் கோரிக்கைகளை முடிக்க இயல்பாக 30 வினாடி வரை கிடைக்கும். ஆக மொத்தம் 40. ஆனால் கூபர்நெட்டிஸ் இயல்பாகத் தரும் அவகாசமே 30 வினாடிதான். ப்ரீஸ்டாப் நேரமும் அதில்தான் கழியும். அந்த அவகாசத்தை 45 ஆக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முழு 45 வினாடி கழித்தே சேவை நிற்கிறதென்றால், ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள். ஜாவாவைத் தொடங்கும் வரிக்கு முன், ஷெல்லின் இடத்தில் ஜாவாவை அமர்த்தும் ‘எக்ஸெக்’ கட்டளை இல்லையென்றால், ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஷெல்தான் முதல் பிராசஸ். சிக்டெர்ம் அதோடு நின்றுவிடும், ஜாவாவுக்குத் தெரியவே தெரியாது.

நினைவகத்தில், ஜாவா தன் தரவுகளுக்குத் தானாக எடுத்துக்கொள்ளும் ஹீப்பின் வரம்பு, கன்டெய்னருக்குக் கொடுத்ததில் 25 விழுக்காடுதான்: 2 ஜிபி கொடுத்தாலும் 512 எம்பி. இந்த விழுக்காட்டை மாற்றும் மேக்ஸ்ராம்பெர்சன்டேஜ் அமைப்புக்கு 70 நல்ல தொடக்கம். 90 வைத்தால் ஹீப்புக்கு வெளியே நினைவகம் கேட்கும் திரெட்டுகளுக்கும் (இணையாக ஓடும் வேலைகள்) மெட்டாஸ்பேஸுக்கும் (கிளாஸ் விவரங்கள்) இடம் போதாமல், வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதைக் காட்டும் 137 குறியோடு சேவை விழக்கூடும்.

சிங்கப்பூரில் அதிகம் அடிவாங்கும் இடம் கிரான், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள். பழைய சர்வர் உள்ளூர் நேரத்தில் ஓடியிருக்கும். கன்டெய்னர் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னாலிருக்கும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அதிகாலை 2 மணிக் கணக்கு முடிப்பு காலை 10 மணிக்கு, வாடிக்கையாளர் நெரிசலில் ஓடும். கூபர்நெட்டிஸ் 1.27 பதிப்பிலிருந்து, அதன் கிரான் வேலையான கிரான்ஜாபின் டைம்சோன் (நேர மண்டல) வசதி நிலைபெற்றுவிட்டது. அதில் ஆசியா/சிங்கப்பூர் என்று கொடுங்கள். ஆனால் அது ஓடும் நேரத்தை மட்டுமே மாற்றும். ஜாவாவின் நேர மண்டலத்தைத் தனியாக அமைக்காவிட்டால், காலை 8 மணிவரை நிரலுக்கு ‘இன்று’ என்பது நேற்றுதான். வட்டிக் கணக்கில் இது பெரிய தவறு.

சேவை எழுதும் லாக்குகள் (பதிவுகள்) இனி பலர் பார்க்கும் பொது இடத்துக்குப் போகும். அடையாள அட்டை எண்களை அனுப்புமுன்பே மறைத்துவிடுங்கள்.

நிதி நிறுவனங்களின் முக்கிய அமைப்புகள் எந்த 12 மாதத்திலும் திட்டமிடாமல் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. எனவே பழையதற்குத் திரும்பும் வழியை ஒத்திகை பார்த்துவிட்டு, 5 விழுக்காடு கோரிக்கைகளை மட்டும் முதலில் புதியதற்குத் திருப்புங்கள். மாத இறுதிக் கணக்கு ஒருமுறை புதியதில் முடியும்வரை தரவுத்தளத்தில் எந்தப் பழைய நெடுவரிசையையும் நீக்காதீர்கள். பழைய சர்வரையும் அணைக்காதீர்கள்.