டப்பா டிவியில் ஃபயர் ஸ்டிக் மாட்டுவது எப்படி?

டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இல்லை, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஓட்டைகள்தான் இருக்கின்றனவா? போதும். ஃபயர் ஸ்டிக் (இணையப் படங்களை டிவியில் காட்டும் அமேசான் குச்சி) எச்டிஎம்ஐயில் மட்டுமே சொருகும் என்பதால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும்.

கடையில் "எச்டிஎம்ஐ டு ஏவி" என்று கேளுங்கள். "ஏவி டு எச்டிஎம்ஐ" என்று இன்னொன்று அதே அளவில், பார்க்க அச்சு அசலாக இருக்கும். அது பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்டுவதற்கு. தலைகீழாக வேலை செய்யாது. எச்டிஎம்ஐ பக்கம் "இன்புட்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று பின் என்று வெறும் வயராக விற்பதைத் தொடவே வேண்டாம். உள்ளே சிப் இல்லாமல் டிஜிட்டல் சிக்னல் அனலாக் ஆகாது.

1. ஏவி கேபிளை நிறம் பார்த்துச் சொருகுங்கள். சில டிவிகளில் "ஏவி அவுட்" வரிசையும் இருக்கும்; நமக்கு "இன்" தான்.

2. கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜர் போதும். பெட்டியோடு பெரும்பாலும் வயர் மட்டுமே வரும்.

3. ஸ்டிக்கை நேராகக் கன்வெர்ட்டரில் சொருகி, அதற்கு அதன் சொந்த அடாப்டரைக் கொடுங்கள். கரண்ட் போதாவிட்டால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும்.

4. ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்துங்கள்.

படம் வந்துவிட்டது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வருகிறதா? மேலும் கீழுமாக உருள்கிறதா? ஸ்டிக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் என்டிஎஸ்சி, மறுபக்கம் பால். (குடிக்கிற பால் இல்லை, தூர்தர்ஷன் 1982-இல் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட முறையின் பெயர்.) பால் முறையில் 625 வரி, நொடிக்கு 50 ஃபீல்டு. என்டிஎஸ்சியில் 525 வரி, 60 ஃபீல்டு. கலரை ஏற்றி அனுப்பும் அலைவரிசையும் வேறு. அதனால்தான் வெளிச்சம் மட்டும் தெரிந்து கலர் காணாமல் போகிறது. சுவிட்சைப் பால் பக்கம் தள்ளிவிட்டு, கன்வெர்ட்டரின் பவரைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். கல்ஃபிலிருந்து கொண்டுவந்த, இரண்டு முறையும் புரிகிற மல்டி சிஸ்டம் டிவி என்றால் இந்தத் தொல்லையே இருக்காது.

சுவிட்ச் சரியாக இருந்தும் கறுப்பு வெள்ளைதானா? மஞ்சள் பின் பச்சை ஓட்டையில் இருக்கிறதா பாருங்கள். அது காம்பொனன்ட் இணைப்புக்கானது.

திரை முழுக்க இருட்டாக இருந்தால் ஸ்டிக் ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்டையும் சேர்த்து 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். ரெசல்யூஷன் ஒவ்வொன்றாக மாறிவரும். படம் தெரிந்ததும் நிறுத்துங்கள். 720பி போதும், டப்பா டிவிக்கு 4கே எதற்கு? மெனு தெரிகிறது, படத்தைப் போட்டால் மட்டும் இருட்டு என்றால் சந்தேகம் எச்டிசிபி மேல், அதாவது படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டின் மேல். அங்கே செட்டிங் உதவாது, கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லையா? ஸ்டிக்கின் ஆடியோ செட்டிங்கில் டால்பியை எடுத்துவிட்டு பிசிஎம் (சாதா ஸ்டீரியோ) வையுங்கள். இந்தக் கன்வெர்ட்டர்களுக்கு டால்பி புரியாது.

2006-இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டி போன்ற சின்னத் திரையில் பாஸ்வேர்டு எழுத்துகளைத் தேடினால் கண் வலிக்கும். வேறொரு புது டிவியில் மாட்டி லாகின், வைஃபை எல்லாம் முடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள், ஸ்டிக் மறக்காது. தேடுவதற்கு ரிமோட்டின் மைக்கே மேல். முகங்கள் நீளமாகத் தெரிவது 16:9 படத்தை 4:3 திரையில் நெருக்குவதால். டிவி மெனுவில் 16:9 இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பிற்சேர்க்கை: டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் அது மோனோ. சிவப்பு பின்னைச் சும்மா தொங்கவிட்டால் வலது பக்கச் சத்தம் போய்விடும். இரண்டு பின்னை ஒன்றாக்கும் ஒய் கனெக்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஆன்டெனா சாக்கெட் மட்டுமே உள்ள டிவிக்கு ஆர்எஃப் மாடுலேட்டர் என்று இன்னொரு பெட்டியும் வேண்டும். கிடைக்கிற படத்துக்கு அந்தச் செலவு தண்டம்.