பாட்டி போலீசில் கொடுத்த புகார்: ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலக் கதைசொல்லல்

"ஒரு கதை எழுது" என்று ஆங்கில வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதையையும் யோசிக்க வேண்டும், ஆங்கிலத்தையும் யோசிக்க வேண்டும். முதல் சுமையை நீங்களே இறக்கிவிடுங்கள். பாட்டி வடை சுட்ட கதையை எடுங்கள். "அது ஒண்ணாம் கிளாஸ் கதை டீச்சர்" என்று முணுமுணுப்பு வரும். அதற்காகத்தான் கதை சொல்லும் ஆளை மாற்றுகிறோம். வடை திருட்டுப் போனதாகப் பாட்டி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறாள். காகம் தன் பக்க நியாயத்தைச் சொல்கிறது. நரி, ஒன்றுமே தெரியாத சாட்சி.

முதல் 5 நிமிடம் படம். ஆளுக்கு ஒரு தாள், ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு குச்சிப் படம். தாளில் எழுத்தே கூடாது. எழுதவிட்டால் அதைப் பார்த்து வாசிப்பார்களே தவிர, சொல்ல மாட்டார்கள். கரும்பலகையில் எட்டு வினைச்சொற்களை மட்டும் இறந்தகாலத்தில் எழுதிப்போடுங்கள்: சா, டுக், ஃப்ளூ, சாட், செட், சேங், ஃபெல், ரேன்.

இறந்தகாலத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு. "எடுத்து, பறந்து போய், மரத்தில் உட்கார்ந்து" என்று எச்சங்களாகக் கோத்துக் கடைசியில் ஒரே முற்றில் முடிப்பது நம் வழக்கம். அதே பழக்கத்தில் "டேக்கிங், ஃப்ளையிங், சிட்டிங்" என்று வந்து விழும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விரலை மடக்கி "டுக், ஃப்ளூ, சாட்" என்று சொல்லிக் காட்டினால் போதும். இலக்கண வகுப்பு வேண்டாம்.

அடுத்து 4/3/2. 1983-இல் கீத் மாரிஸ் எழுதி, மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கிய முறை இது. ஒரே கதையை மூன்று பேரிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 4 நிமிடம் நீளம். பாதியிலேயே கதை தீர்ந்து தமிழ் அரட்டை ஆரம்பமாகிவிடும். எனவே 3, 2, ஒன்றரை என்று வையுங்கள். இரண்டு வரிசை எதிரெதிரே உட்காரட்டும். மணி அடித்ததும் கேட்கும் வரிசை மட்டும் ஓர் இடம் நகரட்டும். மூன்று சுற்று முடிந்தபின் கேட்டவர்கள் சொல்லட்டும். மொத்தம் 13 நிமிடம், நகர இன்னும் இரண்டு. 40 பேர் வகுப்பில் சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்பவர் சும்மா இருந்தால் சொல்பவருக்கும் சுரத்து இறங்கிவிடும். கேட்பவர்தான் இன்ஸ்பெக்டர், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் கதை சொல்பவர் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தாண்டட்டும். நடுவில் திருத்தாதீர்கள்; அடுத்த சுற்றில் ஆள் ஊமையாகிவிடுவார். நோட்டுடன் சுற்றிவந்து, பலரிடம் கேட்ட மூன்று பிழைகளை மட்டும் குறித்து, கடைசியில் பெயர் சொல்லாமல் பலகையில் திருத்துங்கள். முதல் இரண்டு வாரம் யாரையும் முன்னால் வந்து நின்று சொல்லச் சொல்ல வேண்டாம்.

எழுதுவது மறுநாள்தான். 80 சொல், புகார் மனுவாக. கடைசி வரியில் "மாரல்" போடத் தடை. போலீஸ் ஸ்டேஷனில் போய் எந்தப் பாட்டி நீதி சொல்கிறாள்?