விசிலுக்குப் பிறகு மூன்று விநாடி: சிறுவர் உதைபந்தாட்ட அணிக்கு மரியாதை பழக்கும் முறை

"தம்பி, நீ முந்தி நல்லா விளையாடினனிதானே, இந்தச் சின்னப் பெடியளை ஒருக்காப் பார்" என்று கழகத்தில் யாராவது சொல்லி, ஒரு விசிலையும் காற்றுப் போன இரண்டு பந்தையும் கையில் தந்துவிட்டுப் போயிருப்பார். யாழ்ப்பாணத்து ஊர்களில் பயிற்றுநர் ஆவது பெரும்பாலும் இப்படித்தான். நானும் அப்படி வந்தவன்தான்.

முதல் இரண்டு கிழமை சிக்கல் இல்லை. பந்தை நிறுத்துவது, பாஸ் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பக்கத்து ஊரோடு முதல் சிநேகபூர்வ ஆட்டம் வைக்கும்போதுதான் வினை தொடங்கும். ஒருவன் நடுவரைப் பார்த்துக் கையை விரிப்பான். இன்னொருவன் தன்னை விழுத்தியவனைத் தேடிப்போய் உதைப்பான். கோட்டுக்கு வெளியே நிற்கும் சித்தப்பா ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். "மரியாதையா விளையாடுங்கோ எண்டு சொன்னனான்தானே" என்று நீங்கள் தலையில் கைவைப்பீர்கள்.

சொன்னீர்கள், சரி. பழக்கினீர்களா? வாயால் சொல்லி யாருக்கும் இடது கால் பாஸ் வந்ததில்லை. இதுவும் அப்படித்தான். 9 முதல் 14 வயது வரையான பிள்ளைகளோடு நான் செய்துபார்த்த முறையைக் கீழே எழுதுகிறேன். ஒழுங்கை உங்கள் வசதிக்கு மாற்றலாம், முதல் படியை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

படி 1: பெரியவர்களுக்கு ஒரு கயிறு

தேவையானவை: மைதானத்தின் ஒரு பக்க நீளத்துக்குக் கயிறு, ஆறேழு தடிகள். கரையோர ஊர் என்றால் கயிறு வாங்கவே தேவையில்லை. கேட்டால் பழைய வலைக் கயிறு தருவார்கள். வலையில் கட்டும் மிதப்புகளையும் கேட்டு வாங்கிவாருங்கள், பயிற்சிக்கு அடையாளம் வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. காற்றுக்கு ஓடாத மாதிரி உள்ளே கொஞ்சம் மண் போட்டுக்கொண்டால் சரி.

கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளிக் கயிற்றைக் கட்டுங்கள். பார்வையாளர் எல்லாரும் அதற்கு வெளியே. ஏன் என்று கேட்பார்கள். பிள்ளை பந்தோடு ஓடும்போது அப்பா "அடியடா" என்கிறார், மாமா "பாஸைக் குடு" என்கிறார், நீங்கள் "நில்" என்கிறீர்கள், அவன் மூன்றையும் செய்யப்போய்ப் பந்தைப் பறிகொடுக்கிறான். பிறகு அந்தக் கோபத்தை எதிரணிப் பையனின் காலில் இறக்குகிறான். இதை அப்படியே சொல்லுங்கள், பெற்றோருக்கு விளங்கும்.

ஆட்டத்துக்கு முன் ஒரு நாள் பெற்றோரைப் பதினைந்து நிமிடம் கூப்பிட்டு இருத்துங்கள். கைதட்டலாம், எதிரணியின் நல்ல கோலுக்கும் தட்டலாம். பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். பிள்ளைக்குக் கட்டளை, நடுவருக்கு விமர்சனம் இரண்டும் வேண்டாம். நீளமாகப் பேசாதீர்கள், ரியூசனுக்கு ஏற்றி இறக்கவே அவர்களுக்கு நேரம் போதாது.

இங்கே ஒரு சின்னத் தந்திரம். கூட்டத்தில் யாருடைய குரல் மிகப் பெரியதோ அவரையே கயிற்றுக்குப் பொறுப்பாளராக்குங்கள். கத்துகிற மனிதருக்கு ஒரு வேலை கொடுத்தால் மற்றவர்களைக் கத்தவிடாமல் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். இதுவரை ஒருமுறைகூட இது எனக்குப் பிழைத்ததில்லை.

படி 2: விதி மூன்று, எழுதுவது அவர்கள்

ஒரு பிறிஸ்டல் போர்டும் மார்க்கரும் கொண்டுபோய்ப் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, "எங்கட அணி எப்பிடி இருக்க வேணும்?" என்று கேளுங்கள். இருபது சொல்வார்கள். மூன்றுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். எங்களுடையது இது:

நடுவரோடு அணித்தலைவர் மட்டும் பேசுவார்.
விழுந்தவர் எந்த அணி என்றாலும் கைகொடுத்துத் தூக்குவோம்.
ஆளையும் ஊரையும் வீட்டையும் இழுத்துப் பேச மாட்டோம்.

முதலாவதைப் பிள்ளைகள் உடனே ஏற்றுக்கொண்டார்கள், 2024 யூரோ கிண்ணப் போட்டியில் அதே முறை இருந்ததை ரீவியில் பார்த்திருந்தார்கள். மூன்றாவதில்தான் நீங்கள் கண்ணாக இருக்க வேண்டும். "மாடு", "மொக்கன்" என்று தொடங்கும். பதில் வராவிட்டால் எதிரணியின் ஊர்ப் பெயருக்குத் தாவும், அங்கிருந்து தகப்பன் செய்யும் தொழிலுக்கு, அப்புறம் சாதிக்கு. அந்தச் சொற்களை எந்தப் பிள்ளையும் மைதானத்தில் படிக்கவில்லை, வீட்டிலிருந்துதான் கொண்டுவருகிறது. இருந்தாலும் வெளியே வரும் இடம் உங்கள் மைதானம். முதல் தரமே அன்றைய பயிற்சி சொன்னவருக்கு முடிந்தது, மாலையில் வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொல்லுங்கள். இதற்கு எச்சரிக்கை, இரண்டாம் வாய்ப்பு எதுவும் நான் கொடுப்பதில்லை.

"பொம்பிளைப் பிள்ளை மாதிரி ஓடுறான்" என்பதும் இதில் சேர்த்திதான். ஒருநாள் அப்படிச் சொன்ன ஒருவனிடம், தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் உதைபந்து விளையாடுவதை ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். போனானோ தெரியாது, அந்தப் பேச்சு நின்றது.

படி 3: சட்டத்தில் கொஞ்சம்

மைதானத்தில் நான் பார்த்த சண்டைகளில் பலவற்றுக்கு யாருக்கும் சட்டம் சரியாகத் தெரியாததுதான் காரணம். உதைபந்தாட்டச் சட்டங்கள் மொத்தம் 17. எல்லாவற்றையும் படிப்பிக்க வேண்டாம், சண்டை வரும் இடங்கள் போதும். த்ரோ, கோல் கிக், கோர்னர் மூன்றிலிருந்தும் பந்து நேராக வந்தால் ஓஃப்சைட் (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் பிழை) இல்லை. பந்து கையில் பட்டதெல்லாம் ஹான்ட்போல் இல்லை. ஃப்ரீ கிக் எடுக்கும்போது எதிரணி 9.15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், பெரிய ஆள் எட்டி வைக்கும் காலடியில் ஏறத்தாழப் பத்து. காயத்துக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால், 2019க்குப் பிறகு பந்து ஒரு அணிக்கு மட்டுமே போடப்படும், பெனால்டிப் பெட்டிக்குள் என்றால் கோல் கீப்பருக்கு. முந்தி மாதிரி இரண்டு பேர் நின்று காலால் அடிபடுவது கிடையாது.

அட்டைகளைப் பற்றிக் கதையாகச் சொல்லுங்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வந்தது 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில். வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து அந்த யோசனை வந்தது கென் அஸ்ரன் என்ற இங்கிலாந்து நடுவருக்கு. நடுவரின் முடிவை வாயாலோ கையாலோ எதிர்த்தால் மஞ்சள், அடிபடாமலே விழுந்து நடித்தாலும் மஞ்சள். தூசணத்துக்கும் ஆள்மேல் துப்புவதற்கும் சிவப்பு.

"ஒரு மஞ்சள்தானே சேர்" என்பவனுக்கு 2018 உலகக் கிண்ணத்தைச் சொல்லுங்கள். ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம், கோலில் சமம், தங்களுக்குள் விளையாடியதும் 2-2. கடைசியில் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. செனகல் வீட்டுக்குப் போனது.

படி 4: பிழையான விசில்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒருநாள், பத்து நிமிடம். ஐந்துக்கு ஐந்து ஆட்டம். விசில் உங்களிடம்.

தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இண்டைக்கு நான் வேணுமெண்டே பிழையா ஊதுவன்." சிரிப்பார்கள். விசில் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று நடந்து காட்டுங்கள். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் அதைக் காலடியில் நிறுத்திவிட்டு விலக வேண்டும். மற்றவர்கள் முதுகைத் திருப்பித் தங்கள் இடத்துக்கு ஓட வேண்டும். எல்லாம் மூன்று விநாடிக்குள். நீங்கள் சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அதற்குள் முடித்த அணிக்கு ஒரு புள்ளி. யாராவது வாய் திறந்தாலோ பந்தைத் தள்ளி உதைத்தாலோ அவர் இரண்டு நிமிடம் வெளியே, அணி ஒருவர் குறைவாக விளையாடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிறுவர் போட்டிகளில் தற்காலிகமாக வெளியேற்றும் முறைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

முதல் இரண்டு பிழையான விசிலைச் சிறியதாக வையுங்கள், நடுமைதானத்தில் ஒரு த்ரோவை மாற்றிக் கொடுங்கள். பிறகு பெரிதாக்குங்கள். தெளிவான கோல் ஒன்றை ஓஃப்சைட் என்று மறுத்துவிடுங்கள். பிழையாக ஊதப்போகிறேன் என்று முதலே சொல்லியிருந்தும் முகம் சிவக்கும், கை தானாக மேலே போகும். எங்களிடம் ஒரு பதினொரு வயதுப் பெடியன் முதல் நாள் "சேர், அது கோலெல்லோ!" என்று கத்திவிட்டு, கத்தியது தானா என்பதுபோல வாயைக் கையால் பொத்திக்கொண்டான். மூன்றாம் கிழமை அதே மாதிரி ஒரு கோலை மறுத்தேன். திரும்பி ஓடினான். ஓடும்போது சேர்ட்டின் கொலரைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடினான். அது போதும். கோபம் வராத பிள்ளையை நான் தேடவில்லை, கோபம் வந்ததும் கால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்த பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

கவனம்: இந்தப் பயிற்சியில் ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பிழையாகப் பிடிக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டவும் வேண்டாம், பிறகு அது பயிற்சி இல்லை, வதை.

படி 5: விசிலை அவர்களிடம் கொடுங்கள்

ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவர் பத்து நிமிடம் நடுவர். சுழற்சி முறையில் எல்லாரும் செய்ய வேண்டும், மிகவும் வாய் காட்டுகிறவர் முதலில். தன் சிநேகிதர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று "கண் தெரியேல்லையா" என்று கேட்கும்போது அவர் படும் பாட்டை நீங்கள் விளக்கத் தேவையில்லை.

படி 6: உங்கள் பக்கத்து நேர்மை

இது பயிற்றுநருக்கான படி. பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை நிமிடம் விளையாடினார்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். இரண்டு பேர் மூன்று ஆட்டமும் தண்ணீர்ப் போத்தல் தூக்கியிருப்பார்கள். வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்கலாமா என்று போட்டி ஒழுங்கமைப்பவர்களிடம் முதலே கேட்டுவையுங்கள். சிறுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆறு கோல் முன்னுக்கு நிற்கிறீர்களா? முன்வரிசைப் பெடியனைப் பின்னுக்குப் போடுங்கள், இடது காலால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். பத்தாவது கோலுக்குத் துள்ளிக் குதிக்க விடாதீர்கள்.

அப்புறம் வயது. என் சொந்தப் பிழையைச் சொல்கிறேன். ஒருமுறை 14 வயதுக்குட்பட்டோர் போட்டியில் எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. பதினைந்தாவது பிறந்தநாள் முடிந்த ஒருவனைத் தம்பியின் பெயரில் இறக்கினேன். வென்றோம். யாரும் பிடிக்கவில்லை. திரும்பி வரும் வாகனத்தில் அவன் மெதுவாகக் கேட்டான், "சேர், கப்பில தம்பியின்ர பெயரோ என்ர பெயரோ வரும்?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ் பிரதியில்லாமல் நான் யாரையும் பதிவதில்லை. ஆள் குறைந்தால் குறைந்த ஆளோடு விளையாடுவோம்.

படி 7: ஆட்ட நாள்

அரை மணித்தியாலம் முதலே போங்கள். நடுவரைத் தேடிப்போய் பிள்ளைகள் வணக்கம் சொல்லட்டும். நாணயச் சுழற்சிக்கு அணித்தலைவர் மட்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எந்தப் பக்கம் என்பது பெரிய விசயம்தான், ஆனால் தோற்றால் முகத்தைச் சுழிக்கக் கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள்.

ஒலிபெருக்கி கட்டிய சுற்றுப்போட்டி என்றால் நேர்முக வர்ணனையாளரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். ஊரையே சிரிக்கவைக்க வேண்டும் என்று அவர் "கோல் கீப்பர் நித்திரை போல" என்று ஒரு வார்த்தை விட்டால், பன்னிரண்டு வயதுக் கீப்பர் அதை வருடக்கணக்கில் சுமப்பான். பகிடி விடுவதென்றால் என் பெயரைச் சொல்லி விடுங்கோ, பிள்ளைகளின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது அடிபட்டு எழும்பாமல் கிடந்தால் எங்கள் அணி பந்தை வெளியே அடிக்கும். சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வழக்கம்தான். தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒண்டுமில்லை" என்று எவ்வளவு சொன்னாலும் அன்று திரும்ப இறங்கக் கூடாது. தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

பயிற்சியில் பேச இன்னொரு கதை: 2012இல் இத்தாலியில் நாப்போலிக் கழகத்துக்கு எதிராக லாட்சியோக் கழகத்தின் ஜேர்மனிய வீரர் குளோஸ ஒரு கோல் அடித்தார். நடுவர் கொடுத்தும்விட்டார். கையில் பட்டதென்று குளோஸ தானே போய்ச் சொல்ல, கோல் நீக்கப்பட்டது. லாட்சியோ 3-0 என்று தோற்றது. "நீங்களெண்டால் சொல்லுவியளோ?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எங்கள் பெடியள் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள், பாதிப் பேர் சொல்ல மாட்டோம் என்றார்கள். பொய் சொல்லாமல் பதில் சொன்னார்களே என்று விட்டுவிட்டேன்.

படி 8: ஒருவன் வெடித்துவிட்டால்

வெடிப்பான். எவ்வளவு பழக்கினாலும் ஒருநாள் நடக்கும். உடனே வெளியே எடுங்கள், பக்கத்தில் இருத்துங்கள், தேசிக்காய்த் தண்ணி கொடுங்கள். புத்திமதி வேண்டாம். சனத்துக்கு முன்னால் அடிப்பதும் கத்துவதும் கூடவே கூடாது. அவன் செய்ததையே நீங்களும் செய்ததாகிவிடும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒரே கேள்வி: "இப்ப யாரிட்டப் போய்க் கதைக்க வேணும்?" யாரிடம் என்று அவனுக்குத் தெரியும். கூடப் போங்கள், பேசுவது அவன்.

வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு ஆட்டத்தைப் பற்றி எந்தப் பெற்றோரும் எழுதக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். படம் போடலாம். நடுவரின் முடிவைப் பற்றி அலச வேண்டுமென்றால் மறுநாள் மாலை மைதானத்துக்கு நேரே வரட்டும். அனேகமாக யாரும் வர மாட்டார்கள்.

கடைசியாக, போகும்போது கயிற்றை அவிழ்த்துச் சுற்றி எடுத்துவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய் விட்டுவந்தேன். விடியக் காலமை மேய வந்த ஆடு ஒன்று அதில் சிக்கி, சொந்தக்காரர் விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் தனியாகத்தான் போனேன்.