பூஸ்ட் குறைந்தால் டர்போவைக் கடைசியாகக் கழற்றுங்கள்

ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டிய) வண்டியில் திடீரென்று பிக்கப் குறைந்தால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் கேட்கும் பதில் "டர்போ போயிடுச்சு சார்". டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம், அந்த அழுத்தம்தான் பூஸ்ட். பெரும்பாலும் டர்போ போயிருக்காது. ஒரு ஹோஸ் கிழிந்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயில் செத்திருக்கும். உண்மையிலேயே டர்போ போயிருந்தாலும், ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே மாதிரி போகும். போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா விஆர்எஸ், அபார்த் புன்ட்டோ மாதிரி பெட்ரோல் டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்காக, எதை முதலில் பார்ப்பது எதைப் பிறகு பார்ப்பது என்று சொல்கிறேன்.

வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறது, பிரச்சினை எதற்குப் பிறகு ஆரம்பித்தது, இரண்டையும் எழுதி வையுங்கள். வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம். டியூனரிடம் டார்கெட் பூஸ்ட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், அது தெரியாமல் லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளைப் பதிவு செய்வது) எடுத்து என்ன பயன்?

அடுத்தது சென்னை வெயில். மே மாத மதியத்தில் ஓஎம்ஆர் சிக்னல்களில் ஊர்ந்துவிட்டு, ரோடு கிடைத்ததும் அழுத்தினால் வண்டி மந்தமாகத்தான் போகும், ஏனென்றால் இன்டேக் காற்றின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டியிருக்கும், நாக் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வராமல் இருக்க இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதே வண்டி விடியற்காலையில் நன்றாகப் போகிறது என்றால் இன்ஜினில் கை வைக்காதீர்கள், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கவனியுங்கள்.

இப்போது ஸ்கேனர். வண்டியின் ஓபிடி (கோளாறு அறியும்) சாக்கெட்டில் மாட்டும் விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரே ஆரம்பத்துக்குப் போதும். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சார் (இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 90 என்றோ 110 என்றோ காட்டினால் சென்சாரையே முதலில் சந்தேகப்படுங்கள். ஐடிலில் பொதுவாக 30 முதல் 40 வரை இருக்கும். பூஸ்டில் 220 காட்டினால் அதில் 100 வெளிக்காற்றின் அழுத்தம், ஆக பூஸ்ட் 1.2 பார். இந்தக் கழித்தலை விட்டுவிட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு. ஐடிலில் பிளஸ் 15 காட்டி, ஆர்பிஎம் ஏற ஏற இயல்புக்கு வந்தால் எங்கோ வேக்யூம் லீக். ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் 10 சதவீத எத்தனால் காலத்தில் ரீமேப் செய்த வண்டியில் ட்ரிம் 4 சதவீத அளவுக்குக் கூடியிருப்பது கோளாறு இல்லை.

ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு கோட் வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று அர்த்தம், டர்போ செத்தது என்று அர்த்தம் இல்லை. டர்போவிலிருந்து த்ராட்டில் வரை ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூஸ்ட் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டி, கிளாம்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாகப் படிந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவ மறக்காதீர்கள். மேலே பளபளவென்று இருக்கும் ஹோஸ் அடியில் கீறியிருக்கும், அந்தக் கீறல் பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் திறக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பைப்புக்குள் புகையைச் செலுத்தும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை தானாக எழும்பும். த்ராட்டிலை விடும்போது மிச்ச பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயஃப்ரம் கிழிந்தாலும் இதே அறிகுறிதான்.

பி0234 வேறு கதை, அது ஓவர்பூஸ்ட். பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இறுகியிருக்கலாம், அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஹோஸ் கழன்றிருக்கலாம். சரிசெய்யும் வரை தயவுசெய்து வண்டியை அழுத்தாதீர்கள், பிஸ்டன் உடையும்.

பூஸ்டில் மட்டும் திணறி உதறுகிறதா? ஸ்பார்க் ப்ளக்கின் கேப்பை (தீப்பொறி தாவும் இடைவெளி) அளந்து பாருங்கள். பூஸ்டைக் கூட்டிய பல வண்டிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வைப்பார்கள், உங்கள் டியூனர் சொன்ன அளவே கடைசி வார்த்தை. பி0302 (இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை) என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதற்கு மாற்றுங்கள். கோட் பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. காசு செலவே இல்லை.

புகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. நீலப் புகைக்கு டர்போவை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலோ, கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் கெட்டு கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறியிருந்தாலோ, நல்ல டர்போவும் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும்.

இதற்கு மேல்தான் டர்போ. இன்ஜின் ஆறியதும் இன்டேக் பைப்பைக் கழற்றி, கம்ப்ரஸர் வீலின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடும், ஆயில் படலத்துக்கு இடம் வேண்டும் என்பதால் அது சாதாரணம். உள்ளேயும் வெளியேயும் இழுத்தால் அசைவே தெரியக்கூடாது. பிளேடு நுனிகளையும் ஹவுசிங் சுவரையும் பாருங்கள், உரசிய பளபளப்பான கோடு இருந்தாலோ நுனி மடங்கியிருந்தாலோ டர்போ முடிந்தது. பைப்புக்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், தேங்கி நின்றால்தான் கவலை.

டர்போ நன்றாக இருந்தும் பவர் இல்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஆயில் மூடி வழியாகக் காற்று வந்தால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

லாக் எடுக்க ஈசிஆரில் முழு த்ராட்டில் அடிக்காதீர்கள், அங்கே மனிதர்கள் நடக்கிறார்கள். டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே பவர் அளக்கும் உருளை மெஷின்) எடுங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் நாள் கிடைக்கும்போது எடுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்று: ஓப்பன் ஃபில்டரைத் தாழ்வாக மாட்டிய வண்டி வேளச்சேரித் தண்ணீரில் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ப்ளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் கனெக்டிங் ராட் வளையும்.

கடைசியில் டர்போ மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனால், ஆயில் ஃபீட் லைன் புதிதாகப் போடச் சொல்லுங்கள், ரிட்டர்ன் பைப்பும் இன்டர்கூலரும் கழுவப்பட்டதா என்று கண்ணால் பாருங்கள், ஏனென்றால் பழைய டர்போவின் உலோகத் துகள் அங்கேதான் தங்கும். புது ஆயில், புது ஃபில்டர். ஃபீட் துளையில் ஆயில் ஊற்றி, ஃப்யூயலையும் இக்னிஷனையும் துண்டித்துக் கொஞ்சம் கிராங்க் செய்து, ஆயில் பிரஷர் வந்த பிறகு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலில் விட்டு லீக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள்.