குழந்தை பயப்படும்போது ஜெபிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இருட்டு என்றாலே அழுவாள். ஒருநாள் ராத்திரி, "ஜெபம் பண்ணிட்டுப் படு, பயம் போயிடும்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, ஜெபம் பண்ணிட்டேன். பயம் போகல. இயேசப்பா தூங்கிட்டாரா?"

தப்பு என்னுடையதுதான். ஜெபத்தை ஏதோ சுவிட்ச் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தேன். போட்டும் எரியவில்லை என்றால் குழந்தை என்ன நினைக்கும்? ஒன்று, நான் சரியாக ஜெபிக்கவில்லை. இல்லையென்றால் அவர் கேட்கவில்லை. இரண்டுமே இருட்டைவிடப் பெரிய பயம். அன்றைக்கு அப்புறம் நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பக்கத்தில் போய் உட்காருங்கள்

மகள் கேட்டது ஒன்றும் அபத்தமில்லை. மாற்கு 4-ம் அதிகாரத்தில் புயலடிக்கும்போது இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். சீஷர்கள் எழுப்பியதும் பணிவான ஜெபம் இல்லை. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கிட்டத்தட்ட சண்டைதான். அவர் முதலில் காற்றை அடக்கினார், "ஏன் பயப்பட்டீர்கள்" என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. நாமோ அநேகமாகத் தலைகீழாகச் செய்கிறோம், பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே "எதுக்குப் பயம், வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலேயே நிற்கும். மூக்கால் மூச்சை இழுத்து, மெழுகுவர்த்தியை அணையாமல் ஆட்டுவதுபோல மெதுவாக வாயால் விடச் சொல்லுங்கள். நாலைந்து முறை போதும். இது பக்தியில்லாத வேலை என்று தோன்றினால் பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள்: உயிருக்குப் பயந்து ஓடிவந்தவருக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி தூங்கினார்.

இரண்டாம் படி: பயத்துக்குப் பெயர் கேளுங்கள்

"என்ன பயம்?" என்றால் "தெரியல" என்றுதான் பதில் வரும். "எங்க இருக்கு? எவ்ளோ பெருசு?" என்று கேளுங்கள், இல்லை வரையச் சொல்லுங்கள். வயதைப் பொறுத்து பதில் மாறும். இரண்டு, மூன்று வயதில் அம்மாவைப் பிரிவதும் பெரிய சத்தமும். நாலைந்து வயதில் இருட்டும் கற்பனைப் பூதங்களும். ஏழெட்டு வயதுக்கு மேல் நோய், சாவு, பரீட்சை.

மூன்றாம் படி: அவர்கள் வார்த்தையிலேயே ஜெபிக்க விடுங்கள்

நீங்கள் அழகாக ஜெபித்துக் குழந்தை ஆமென் சொல்வது வேறு, இது வேறு. என்ன பயம், என்ன வேண்டும், இந்த இரண்டையும் சொன்னால் போதும். என் மகளின் முதல் ஜெபம் இது: "இயேசப்பா, அலமாரிக் கதவு தொறந்திருக்கு. உள்ள யாரோ இருக்காங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. ஆமென்." சிரிப்பை அடக்கிக்கொண்டேன். திருத்தவில்லை. அப்புறம் இருவருமாகப் போய்ப் பார்த்தோம், பழுப்புக் கம்பளி ஒன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் படி: விரலுக்கு ஒரு வார்த்தை

சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சரியாக ஐந்து வார்த்தை, ஐந்து விரல். கட்டைவிரலில் "நான்" என்று தொடங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தால் சுண்டுவிரலில் "நம்புவேன்". கடைசியில் கை தானாக மூடியிருக்கும், போர்வைக்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம். இந்த வசனம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது "பயப்பட மாட்டேன்" என்று சொல்லவே இல்லை. எதிரிகளான பெலிஸ்தர் கையில் மாட்டிக்கொண்ட தாவீதின் சங்கீதம் என்று அதன் தலைப்பே சொல்கிறது. பயம் இருக்கிறது, அதோடுகூட நம்பிக்கையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: ஜெபித்த பின் ஒரு அடி

இருட்டறைக்கே போகாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் பயம்தான் வளரும். முதல் சில நாள் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். அப்புறம் வாசலில் நில்லுங்கள், பிள்ளை மட்டும் உள்ளே போய் பொம்மையை எடுத்துவரட்டும். ஒருநாள் பின்வாங்கினால் பரவாயில்லை, முந்தைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

சில பேச்சுகளை மட்டும் விட்டுவிடுங்கள். "கீழ்ப்படியலன்னா பிசாசு பிடிச்சுக்கும்" என்று காலையில் மிரட்டிவிட்டு ராத்திரி தைரியமாகப் படு என்றால் எப்படி? "உனக்கு விசுவாசம் இல்லை" என்பதும் வேண்டாம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே திகிலடைந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். "உனக்கு ஒண்ணுமே ஆகாது" என்று வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. நாளைக்கே விழுந்து கை உடைந்தால் அந்தக் கணக்கு கர்த்தர் தலையில் விழும். "என்ன ஆனாலும் அவர் கூட இருப்பார், நானும் இருப்பேன்" என்பது போதும்.

தூங்கின ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, காலையில் எதுவுமே நினைவில்லை என்றால் அது கெட்ட கனவு இல்லை, இரவுத் திகில். எழுப்ப வேண்டாம், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் அடங்கிவிடும். ஆனால் பயத்தால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ பள்ளிக்கூடமோ கெட்டால், ஜெபித்துக்கொண்டே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இன்னொன்று. திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் பிள்ளை பயந்தால், அவர் சொந்தக்காரரோ சபையில் பெரியவரோ யாராக இருந்தாலும் சரி, "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்று மூடிவிடாதீர்கள். சொல்வதைக் கேளுங்கள், நம்புங்கள், அந்த ஆளிடம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஜெபத்தை அதற்கப்புறம் இருவருமாகச் செய்துகொள்ளலாம்.