தோளைப் பதம் பார்க்கும் .45-70: பலரும் செய்கிற தவறுகள்

லீவர் ரைஃபிள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கௌபாய் படங்கள்தான். குதிரைமேல் உட்கார்ந்தபடியே சடக் சடக்கென்று லீவரை இழுத்துச் சுட்டுத் தள்ளுவார்கள். துப்பாக்கி அசையக்கூட அசையாது. அந்த நினைப்போடு, அலாஸ்காவில் கரடிக்குப் பயந்து தோளில் மாட்டிக்கொண்டு போகிற .45-70 தோட்டா போடும் மார்லின் ரைஃபிளை எடுத்துச் சுட்டுப் பார்க்கிறவர்கள் ஒரே தோட்டாவோடு கீழே வைத்துவிடுவது உண்டு. துப்பாக்கி பொல்லாதது என்பதைவிட, அதைப் பிடித்த விதமும் அதில் போட்ட தோட்டாவும் தப்பாக இருப்பதே பெரும்பாலும் காரணம்.

முதல் தவறு, “.45-70 ரொம்ப உதைக்குமா?”, அதாவது சுடும்போது பின்னால் வந்து தோளை இடிக்குமா என்று கேட்பதே. எந்த .45-70? இந்தத் தோட்டா 1873-இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக வந்தது. 0.45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் கறுப்பு வெடிமருந்து, 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் ஈயக்குண்டு. குதிரைப்படைக்குக் கொடுத்த குட்டைத் துப்பாக்கியில் இதே தோட்டா தாங்க முடியாதபடி உதைத்ததால், அவர்களுக்கு மட்டும் மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்தார்கள். உதைக்குப் பயப்படுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இன்றைக்கு அதே பெயரில் கடையில் கிடைப்பது ஒரே சரக்கு அல்ல. பழைய ஸ்பிரிங்ஃபீல்டுகள் இன்னும் சிலர் வீட்டில் இருப்பதால் சாதாரணத் தோட்டாக்களை மிதமான அழுத்தத்திலேயே செய்கிறார்கள். நவீன லீவர் ரைஃபிள்களுக்கென்று காரமாகக் கெட்டித்தவை தனி. ஒரே குண்டை இரண்டு வேகத்தில் சுட்டால் என்ன ஆகிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கி எடை 3.2 கிலோ, குண்டு 26 கிராம், குண்டைத் தொடர்ந்து குழல் வாயில் வெளியேறும் வாயுவும் கணக்கில் சேர்த்தி. சாதாரணத் தோட்டாவில் குண்டு நொடிக்கு சுமார் 405 மீட்டர் வேகத்தில் போகிறது. துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டர் சொச்ச வேகத்தில் பின்னால் வருகிறது, உதை ஏறக்குறைய 28 ஜூல். காரமான தோட்டாவில் குண்டின் வேகம் 580 மீட்டர். துப்பாக்கி 6 மீட்டர் வேகத்தில் வருகிறது, உதை 59 ஜூல். பெயர் ஒன்று, உதை இரண்டு மடங்கு. மான் வேட்டைக்காரர்களின் பழைய நண்பனான .30-30 தோட்டா இதே எடையுள்ள துப்பாக்கியில் சுமார் 15 ஜூல்தான்.

இந்தக் கார சரக்கைப் பழைய ஸ்பிரிங்ஃபீல்டில் போடுவது உதை பற்றிய பிரச்சினையே அல்ல, உயிர்ப் பிரச்சினை. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

நூறு மீட்டருக்குள் ஒரு மானைச் சுட 59 ஜூல் உதை எதற்கு என்பது எனக்குப் புரியவே இல்லை. 1870-களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளையே கறுப்பு மருந்தால் சுட்டு வீழ்த்தினார்கள். அதிகம் உதைத்தால்தான் அதிகம் கொல்லும் என்ற நம்பிக்கை கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

அடுத்தது எடை. 1998-இல் மார்லின் தன் 1895 மாடலில் பதினெட்டரை அங்குலக் குழலோடு ‘கைட் கன்’ கொண்டுவந்தது. தூக்க இதம், புதருக்குள் நுழைய இதம், சுட மட்டும் இதம் இல்லை. ஆரம்பத்தில் குழல் வாயருகே துளைகள் போட்டு வந்தன. துள்ளல் குறைந்தது, சத்தமோ பக்கத்தில் நிற்பவர் காதில் இடியாக இறங்கியது. காது அடைப்பான் இல்லாமல் எந்த .45-70-ஐயும் சுடக் கூடாது. சத்தத்தில் மிரள்வதைத்தான் பலர் உதை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன கார தோட்டாவையே 3.9 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதை 48 ஜூலாக இறங்குகிறது. அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ‘லேசாக இருக்கிறதே’ என்று ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிடிக்கும் விதத்துக்கு வருவோம். பயந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்: அடிக்கட்டையைத் தோளிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்கிறார்கள். பட்டால் வலிக்குமே என்று உடம்பு தானாக ஒதுங்குகிறது. அந்த ஒரு விரல்கடை இடைவெளிதான் துப்பாக்கிக்கு ஓடிவந்து குத்த இடம் கொடுக்கிறது. தோளோடு ஒட்டியிருந்தால் அது தள்ளு. இடைவெளி இருந்தால் அது குத்து. இழுத்து ஒட்டவைத்து, இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து நின்றால் உடம்பே ஒரு ஸ்பிரிங் மாதிரி பின்னால் போய்வரும்.

இதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கியைப் பழகக் கூடாது. முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்து சுடும்போது உடம்புக்குப் போக இடமில்லை. முழு உதையையும் தோள் எலும்பே வாங்குகிறது. ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிசெய்ய பெஞ்ச் வேண்டும்தான். அதற்கு நாலைந்து தோட்டா போதும், அதுவும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மணல் பை வைத்துக்கொண்டு. மிச்சத்தை நின்று சுடுங்கள்.

பழைய வின்செஸ்டர் 1886 கையில் கிடைத்தால் இன்னொரு சமாச்சாரம் உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த அருமையான துப்பாக்கி. ஆனால் பலவற்றில் அடிக்கட்டையின் முனையில் பிறைநிலா மாதிரி வளைந்த இரும்புத் தகடு இருக்கும். அதைத் தோள் குழியில் வைத்தால் இரண்டு கூர்முனையும் சதையில் இறங்கும். அது வைக்க வேண்டிய இடம் தோள் மூட்டுக்கு வெளியே, மேற்கையின் மேல். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கையை உயர்த்தினால் பிறை கையைக் கவ்விக்கொள்ளும். பக்கவாட்டில் நின்று சுட்ட காலத்தின் கட்டை அது. இன்றைய நிலையில் நின்று சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவது நியாயமில்லை.

எனக்கு முதல் நாள் தோள் வலிக்கவில்லை. நடுவிரல்தான் வீங்கியது. லீவர் வளையத்துக்குள் விரல்களைத் தளர்வாக விட்டிருந்தேன். துப்பாக்கி பின்னால் வரும்போது விசைக்காப்பின் இரும்பு நேராக விரல் கணுவில் தட்டியது. இரண்டாவது தோட்டாவில் அதே இடத்தில் மறுபடியும். சிலர் வளையத்தில் தோல் பட்டை சுற்றுவது அழகுக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். கட்டையின் கழுத்தை இறுகப் பிடித்தால் பாதித் தொல்லை தீரும். கட்டைவிரல் மூக்குக்கு நேராக வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துச் சுடுபவர்களுக்குப் புருவத்தில் அரைவட்டத் தழும்பு நிச்சயம்.

மிக மோசமான தவறு, பழக்கமில்லாதவர் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. உதையில் துப்பாக்கி கைநழுவிக் கீழே விழுந்தால் வேடிக்கை அதோடு முடியும். புதியவருக்கு லேசான தோட்டா, அதுவும் ஒன்றே ஒன்று மட்டும்.

மிரள ஆரம்பித்துவிட்டால், விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், குழல் தாழும். நமக்கே தெரியாது. நண்பர் ஒருவரிடம் சொல்லி, நிஜத் தோட்டாவும் வெற்றுத் தோட்டாவும் மாற்றி மாற்றிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘டிக்’ என்று வெறுமனே அடிக்கும்போது குழல் எவ்வளவு குதிக்கிறது என்று பார்த்தால் வெட்கமாக இருக்கும். அப்போது அன்றைய சுடுதலை நிறுத்திவிட்டு, மறுநாள் உதையே இல்லாத சின்ன .22 துப்பாக்கியில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டுத் திரும்ப வருவது மேல்.

உதை தோளோடு நிற்பதில்லை. குழலுக்குக் கீழே இருக்கும் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு வெடியிலும் அவையும் ஒன்றையொன்று இடிக்கின்றன. அதனால்தான் தட்டை மூக்குக் குண்டோ, மென்மையான பிளாஸ்டிக் முனைக் குண்டோ போடுகிறார்கள். கூரான உலோக முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். வீட்டில் தாங்களே கெட்டிப்பவர்கள் கூட்டின் வாயை இறுக்காமல் விட்டால், நாலு முறை சுட்டதும் குழாயில் மிஞ்சிய தோட்டாவின் குண்டு உள்ளே இறங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் வெளியே எடுத்து, புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பாருங்கள்.