டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா? கெர்னலிடமே கேளுங்கள்

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் புகார் இது: "கல்யாண போட்டோவை வெளி டிஸ்க்கில்தான் போட்டோம், இப்போ ஃபோல்டரில் காணோம்." பெரும்பாலும் போட்டோ அழிந்திருக்காது. கரண்ட் வந்து லினக்ஸ் எழுந்தபோது டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதற்கான ஃபோல்டரோடு இணையவில்லை. காப்பி செய்ததெல்லாம் /பேக்கப் என்ற வெறும் ஃபோல்டரில், அதாவது உள் டிஸ்க்கில் போய் விழுந்தது. பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் அவை அதன் அடியில் மறைந்துவிட்டன.

1. முதலில் டெர்மினலில் ஃபைண்ட்எம்என்டி /பேக்கப் என்று கொடுங்கள். எதுவும் வராவிட்டால் மவுண்ட் ஆகவில்லை. டிஸ்க் அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளை இதற்கு ஆகாது. மவுண்ட் ஆகாத ஃபோல்டருக்கும் உள் டிஸ்க்கின் அளவைக் காட்டி ஏமாற்றும்.

எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதிவைக்கும் /எட்சி/எஃப்எஸ்டேப் கோப்பு நாம் கேட்டதைத்தான் சொல்லும், நடந்ததை அல்ல. /எட்சி/எம்டேப், மவுண்ட் ஆனவற்றின் பட்டியலாக முன்பு மவுண்ட் கட்டளை எழுதிவைத்த கோப்பு, அதனால் சில சமயம் உண்மையோடு ஒத்துப்போகாது. இப்போது பெரும்பாலான லினக்ஸ்களில் அது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் பட்டியலுக்கு ஒரு லிங்க் மட்டுமே. அசல் கணக்கு /ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோவில் இருக்கிறது. அதில் ஒரு வரி "36 25 8:17 / /பேக்கப்" என்று தொடங்கினால், 36 இந்த மவுண்டின் எண், 25 அதன் தாய் மவுண்ட், 8:17 எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி).

2. மறைந்ததை மீட்க, டிஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு) கொடுத்து /எம்என்டி/பேக்கப்புக்குள் பாருங்கள். ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்திலும் காட்டும் பைண்ட், அதற்குள் இருக்கும் துணை மவுண்டுகளைச் சேர்த்துக் கொண்டுவராது, அதனால் அடியில் கிடப்பது அப்படியே தெரியும். வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, யூமவுண்ட் /எம்என்டி கொடுத்து அந்த மவுண்டை நீக்குங்கள்.

3. இனி நடக்காமல் இருக்க, டிஸ்க்கை யூமவுண்ட் செய்து, காலி ஃபோல்டர் மேல் சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /பேக்கப் என்ற மாற்றத் தடை போடுங்கள். மவுண்ட் ஆகாதபோது நிர்வாகியான ரூட்கூட அதில் எழுத முடியாது. மவுண்ட் செய்வதற்குத் தடை இல்லை.

4. எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 என்று எழுதவே எழுதாதீர்கள், வேறு பென்டிரைவ் இருந்தால் பெயர் மாறும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை (பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) போடுங்கள், கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும். நோஃபெயில் இல்லாமல் டிஸ்க்கும் இல்லையென்றால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்ஸி மோடில் நிற்கும். திருத்தியதும் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: "மவுண்ட் ஆகிறது, எழுத முடியவில்லை" என்று கேட்டிருந்தார்கள். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டத்தில் பழுது கண்டால் கெர்னல் அதை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மாற்றிவிடக்கூடும். எஃப்எஸ்டேப் டிஃபால்ட்ஸ் என்றே காட்டும், ஃபைண்ட்எம்என்டி மட்டும் ஆர்ஓ என்று சொல்லும். யூமவுண்ட் செய்து, பழுது பார்க்கும் இ2எஃப்எஸ்சிகே -எஃப் கட்டளையை அந்த பார்ட்டிஷன் மேல் ஓட்டுங்கள். யூமவுண்ட் செய்யும்போது "டார்கெட் இஸ் பிஸி" வந்தால், அதை எது பிடித்திருக்கிறது என்று காட்ட ஃப்யூசர் -விஎம் /பேக்கப். பல சமயம் அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் உங்கள் டெர்மினல்தான் காரணம். யூமவுண்ட் -எல் வேண்டாம்: பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், எழுத்து நடந்துகொண்டே இருக்கும்.